ஆமென் சொன்ன கையோடு

"ஜெபம் பண்ணி ஆமென் சொன்ன கையோட கத்த ஆரம்பிச்சுடுறீங்களே தம்பி, அதுக்கு ஜெபம் பண்ணாமலே இருக்கலாம்ல?"

கேட்டவர் எங்கள் அச்சகத்தின் மூத்த மிஷின்மேன். அப்பா காலத்தில் பழைய டிரெடில் அச்சு மிஷினில் தாள் கொடுக்க வந்தவர். என்னை அரை டவுசரில் பார்த்தவர் என்பதால், எல்லோரும் சார் என்று கூப்பிடும் இடத்தில் அவர் மட்டும் தம்பி என்பார். மற்றவர்கள் சொல்லத் தயங்குவதைச் சொல்வதும் அவர்தான். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ரோலரைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கோபம். அந்தக் கேள்வி நியாயமானது என்று ஒத்துக்கொள்ள இன்னும் சில மாதங்களும், 300 கல்யாணப் பத்திரிகைகளும் தேவைப்பட்டன.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுடையது சின்ன ஆஃப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், பள்ளிக்கூட டைரி, ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியிலிருந்து மாதிரி ஆல்பம் வந்துவிட்டால் காலண்டர் ஆர்டர். அலுவலகம், டிடிபி என்கிற கம்ப்யூட்டர் டைப்செட்டிங், மிஷின், பைண்டிங் எல்லாம் சேர்த்து 15 பேர். நாங்கள் லுத்தரன் சபை. வேலை செய்கிறவர்களில் கிறிஸ்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான். கட்டிங் மிஷின் பாய் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய்வருவார். மற்றவர்கள் இந்துக்கள். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைப்பது அவர்கள் உரிமை. அதில் அப்பாவும் தலையிட்டதில்லை, நானும் இல்லை.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது எங்கள் மிஷின் ஷெட்டின் கூரையும் பறந்துபோனது. அதோடு அப்பா தளர்ந்துவிட்டார். மறு வருஷம் பொறுப்பு முழுக்க என் கைக்கு வந்தது. கிறிஸ்தவனாகத் தொழில் செய்ய வேண்டும் என்ற ஆசை அப்போது எனக்கு நிறைய இருந்தது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி, திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எல்லோரையும் கூட்டி வைத்து, ஒரு வசனம் வாசித்து, ஜெபம் பண்ணி, மீட்டிங் போடுவது. சபையில் புது வருஷத்துக்குக் கொடுத்த வாக்குத்தத்த வசன அட்டையை என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டி வைத்தேன். ஜெபம் ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் பேசுவேன். போன வாரம் எது கெட்டது, யாரால் கெட்டது, வேஸ்டேஜ் எவ்வளவு, பார்ட்டி என்ன திட்டினார். கடைசியில், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பேன். கேட்கும்போதே எழுந்துவிடுவேன். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு சொல்லியும் ஒருத்தருக்கும் அக்கறை இல்லையே என்று வீட்டில் வந்து புலம்புவேன்.

உண்மையில் ஒருவன் சொல்லத்தான் செய்தான். கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் பேப்பர் வைக்க ஒரு குடோன் எடுத்திருந்தோம். லோடு இறக்குகிற பையன், வயது இருபது இருக்கும், ஒரு திங்கட்கிழமை கடைசியில், "சார், குடோன்ல தரையில அடுக்கியிருக்கிற ரீமை எல்லாம் கட்டை போட்டு மேல தூக்கிடலாமா? செவுத்தோரம் ஈரம் கசியுது" என்றான். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே, "பாத்துக்கலாம்" என்றேன். யாரும் எழுதவில்லை. எழுதுகிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. 2015 நவம்பர் மழை அடுத்த மூன்றாவது வாரம் வந்தது. அந்த வருஷம் கடலூர் பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குடோனில் முழங்கால் தண்ணீர். கீழ் வரிசையில் இருந்த ரீம் எல்லாம் ஊறி உப்பிப்போய், தூக்கினால் கையோடு பிய்ந்து வந்தது. அந்தப் பையனும் எங்களோடு நின்று அள்ளிப் போட்டான். நான்தான் முன்னாடியே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

பைபிளில் பிரசங்கி ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு சின்னக் கதை வரும். முற்றுகை போடப்பட்ட ஒரு சிறிய பட்டணத்தை ஓர் ஏழை தன் ஞானத்தால் காப்பாற்றுகிறான். பிறகு அவனை ஒருவரும் நினைக்கவில்லை. பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டதுதான். எங்கள் கதையில் பட்டணமும் தப்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த தை மாதம் அந்தக் கல்யாணப் பத்திரிகை. முகூர்த்த நேரம் தப்பாக அடித்துப் போய்விட்டது. பெண் வீட்டார் கடைக்கே வந்து சத்தம் போட்டார்கள். 300 பத்திரிகையும் என் செலவில் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை மீட்டிங்கில் ஆமென் சொல்லி முடித்ததும் டிடிபி பார்க்கும் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னேன். "கண்ணு எங்க இருந்துச்சு? முகூர்த்த நேரத்தைக்கூடப் பார்த்துப் போட முடியாதா?" அவள் கையில் அந்த ஆர்டரின் விவரம் எழுதிய ஜாப் கார்டு இருந்தது. வாயைத் திறந்தபோதெல்லாம், "பதில் பேசாதே" என்றேன். கடைசியில் கார்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்தக் கார்டை எடுத்துப் பார்த்தேன். பார்ட்டி முதலில் எழுதிக் கொடுத்த சீட்டு பின் பண்ணியிருந்தது. அதில் இருந்த நேரம்தான் அடித்திருந்தது. ப்ரூஃபில் ஓகே போட்டது என் கையெழுத்து. நேரம் மாறிவிட்டது என்று பார்ட்டி போனில் சொன்னது என்னிடம். நான் டிடிபிக்குச் சொல்ல மறந்திருக்கிறேன். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. புத்தியீனத்தை விடுங்கள், அந்த வெட்கம் எப்படியிருக்கும் என்று எனக்கு அந்த மேஜையில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை வந்தபோது, பலிபீடத்தின் முன்னால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் நினைவுக்கு வந்தது. காணிக்கையை விட்டுவிட்டு ஓடவெல்லாம் இல்லை. போட்டுவிட்டுத்தான் போனேன். சாயங்காலம் மனைவியையும் கூட்டிக்கொண்டு முதுநகரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே, "பரவால்ல சார்" என்றாள். அப்புறம் வாசல் வரை வந்து, "ஆனா சார், திட்டினது எல்லார் முன்னாடியும்தானே?" என்றாள்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில், சகோதரன் குற்றம் செய்தால் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" அவன் குற்றத்தை உணர்த்து என்று இயேசு சொன்னது இருபத்தைந்து வருஷமாக எனக்கு மனப்பாடம். நான் செய்தது நேர் தலைகீழ்: குற்றம் சாட்டியது 14 பேர் முன்னால், மன்னிப்பு தனியாக. திங்கட்கிழமை எல்லோர் முன்பும் ஜாப் கார்டை எடுத்துக் காட்டி, தப்பு என்னுடையது, இவள்மேல் போட்டதும் என் தப்பு என்று சொன்னேன். குரல் நடுங்கியது. யாரும் கை தட்டவில்லை, கண் கலங்கவில்லை. கட்டிங் பாய், "சரி சார், வேலையப் பாப்போம்" என்றார். அன்று மீட்டிங் எட்டு நிமிஷத்தில் முடிந்தது. அதுவரை போட்டதிலேயே உருப்படியான மீட்டிங் அதுதான்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வந்தது. தனி ஆளின் தவறு மீட்டிங்கில் வராது. வேலையில் எந்த இடத்தில் ஓட்டை என்பது மட்டும் வரும். "முகூர்த்த நேரம் போனில் மாறினால் யார் எழுதுவது, எதில் எழுதுவது?" என்பது மீட்டிங்கில் பேச வேண்டிய கேள்வி. "உன் கண் எங்கே இருந்தது?" என்பது எங்கேயுமே பேச வேண்டிய கேள்வி இல்லை. இப்போது போனில் வரும் மாற்றம் எதுவானாலும் ஜாப் கார்டில் சிவப்பு மையில் ஏறினால்தான் பிளேட் போடுவார்கள். இந்த யோசனையைச் சொன்னது அந்தப் பெண்தான்.

ஜெபத்தைப் பற்றிச் சொல்கிறேன், பலரும் கேட்பது அதுதான். நிறுத்திவிட்டேன். விசுவாசம் குறைந்து நிறுத்தவில்லை. முதலாளி கண்ணை மூடினால் சம்பளம் வாங்குகிறவரும் மூடித்தான் ஆக வேண்டும். பாய் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பார். அவருக்கு வேறு வழியில்லை என்பது எனக்கு நான்கு வருஷம் உறைக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம் பண்ணச் சொன்ன ஆண்டவரின் வார்த்தைக்கு, அச்சகத்து கேபினைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மீட்டிங் நாளில் கால் மணி முன்னதாக வந்து, இன்றைக்குப் பேச இருப்பதை வரிசையாகச் சொல்லி, யார்மேல் எரிச்சலாக இருக்கிறேனோ அவர் பெயரையும் சொல்லி ஜெபம் பண்ணுகிறேன். பெயர் சொல்லி வேண்டிக்கொண்ட ஆளைப் பத்து நிமிஷம் கழித்துத் திட்டுவது கொஞ்சம் கஷ்டம். முடியாது என்று சொல்லவில்லை. கஷ்டம்.

மீட்டிங் தொடங்கும்போது ஒரு நிமிஷம் எல்லோரும் சும்மா நிற்கிறோம். வேண்டுகிறவர் வேண்டலாம், வெறுமனே நிற்கிறவர் நிற்கலாம். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. "இந்த ஒரு நிமிஷத்துலதான் சார் ஃபேன் சத்தமே காதுல விழுது" என்றார் பாய்.

இனி நேரக் கணக்கு. இதில் எனக்குக் குரு என் மாமனார். நெய்வேலி சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்தவர், ஓரமாக உட்கார்ந்து மீட்டிங் முழுவதையும் பார்த்துவிட்டு, மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார்: "மாப்ள, நாங்கெல்லாம் ஷிஃப்ட்டு மாறும்போது நின்னுக்கிட்டே பேசி முடிச்சுருவோம். எங்க என்ன ஆபத்து, எது பாதியில நிக்குது, யாரு எங்க. உக்காந்தா பேச்சு வளரும்." அப்புறம் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எல்லாத்தையும் நீங்களே பேசுறீங்க. நீங்களும் ஓஞ்சு போவீங்க, அவங்களும் ஓஞ்சு போவாங்க" என்றார். யாத்திராகமம் 18-இல் மோசேக்கு இதையே சொன்ன எத்திரோவும் மாமனார்தான். "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்." என் மாமனாருக்கு அந்த அதிகாரம் நினைவிருந்ததா, தற்செயலா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். 15 பேர், 75 நிமிஷம். பெருக்கினால் ஏறக்குறைய 19 மணி நேரம். ஓர் ஆளின் இரண்டு நாள் வேலைக்கு மேல். எங்கள் மிஷின் ஓடினால் மணிக்கு 5,000 தாள். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் 6,000 தாளாவது போயிருக்கும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14-இல் இயேசு கேட்கிறார். நான் கோபுரம் கட்டவில்லை, பேச்சுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இதைவிட வலித்த கணக்கு ஒன்று உண்டு. காலண்டர் சீசனில் காலை நேரம் வீணாகிறதே என்று ஒரு வருஷம் மீட்டிங்கை மாலை ஆறரைக்கு மாற்றியிருந்தேன். வேலை முடிந்தபின் அரை மணி நேரம்தானே என்று நினைப்பு. பைண்டிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வருகிறவர். மீட்டிங் இழுத்தால் அவருக்கு ஊருக்குள் போகும் பஸ் போய்விடும். மெயின் ரோட்டில் இறங்கி இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதற்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை. வயலை அறுத்தவர்களின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதைப் பெரிய பண்ணையார்களுக்குச் சொன்னதாகவே வாசித்து வந்திருக்கிறேன். அரை மணி நேரக் கூலிக்கும் குரல் உண்டு. இப்போது மீட்டிங் காலை ஒன்பது மணி, வேலை நேரத்துக்குள். 20 நிமிஷம். எப்போதாவது வேலை நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைமில் ஏறும். ஏறும் என்று தெரிந்த பிறகு எனக்குப் பேச்சு தானாகச் சுருங்கிவிட்டது. பணத்துக்கு அந்தப் புண்ணியம் உண்டு.

உட்காருவதிலும் ஒரு சங்கதி இருந்தது. எங்களிடம் நாற்காலி ஒன்பதுதான். அலுவலகத்திலும் டிடிபியிலும் இருப்பவர்கள், மிஷின்மேன்கள் உட்காருவார்கள். பைண்டிங் பெண்கள் பேப்பர் அடுக்கில் சாய்ந்து நிற்பார்கள், இல்லாவிட்டால் தரையில். யாரும் அப்படிச் சொல்லி வைத்ததில்லை. தானாக அமைந்த ஏற்பாடு. தானாக அமைகிறவைதான் நம் ஊரில் மோசமானவை. சபைக்கு வரும் பணக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்து, ஏழையைப் பார்த்து "நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு" என்று சொல்லலாமா என்று யாக்கோபு கேட்பது என் கண்ணெதிரே வாராவாரம் நடந்துகொண்டிருந்தது. மாமனார் சொன்ன நிற்கிற மீட்டிங் இதையும் சேர்த்துத் தீர்த்தது. எல்லோரும் கட்டிங் மேஜையைச் சுற்றி நிற்கிறோம். மேஜை சதுரமானதால் யாருக்கும் பின்வரிசை இல்லை. முட்டி வலிக்கிற மூத்த மிஷின்மேனுக்கு மட்டும் ஒரு ஸ்டூல்.

இந்த வேகத்தில் ஒரு வாரம் நானே எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துப் பார்த்தேன். சீஷர்களின் கால்களைக் கழுவின கதை மனதில். அவர்கள் டம்ளரை வாங்கவே கூச்சப்பட்டார்கள். எனக்கும் நாடகம் போடுகிறமாதிரி இருந்தது. டீக்கடைப் பையனே நன்றாக ஊற்றுகிறான் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அதிகம் உதவியது அப்போஸ்தலருடைய நடபடிகள் 15. ஆதித் திருச்சபை எருசலேமில் கூடிய கூட்டம். விஷயம் லேசானதல்ல: யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் உள்ளே வரலாமா என்று சபையே பிளந்துவிடக்கூடிய விவகாரம். அதை ஒருநாள் மீட்டிங் நடத்துகிறவன் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். முதலில் மிகுந்த தர்க்கம் நடக்கிறது. யாரும் அடக்கவில்லை. பிறகு பேதுரு எழுந்து தான் பார்த்ததைச் சொல்லுகிறார். அப்புறம் கூட்டம் முழுவதும் அமைதியாக இருந்து, பர்னபாவும் பவுலும் களத்தில் நடந்ததைச் சொல்லக் கேட்கிறது. எருசலேம் சபையில் தலைவராக இருந்த யாக்கோபு பேசுவது கடைசியில்தான். முடிவைக் கடிதமாக எழுதுகிறார்கள். அதில் நான்கே காரியங்கள். அவசியமானவை தவிர வேறு பாரம் சுமத்த மாட்டோம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கடிதத்தை மட்டும் அனுப்பவில்லை. வாயாலும் விளக்கிச் சொல்ல இரண்டு ஆட்களைக் கூட அனுப்புகிறார்கள்.

நான் கடைசியாகப் பேசுவது என்று வைத்துக்கொண்டதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. முதலாளி முதலில் வாயைத் திறந்தால் அதற்குமேல் வருவதெல்லாம் "ஆமாம் சார்"தான். அதனால் பைண்டிங்கில் தொடங்கி, கட்டிங், மிஷின், டிடிபி, அலுவலகம் என்று வந்து கடைசியில் நான். முதல் மூன்று வாரம் பைண்டிங் அக்காக்கள், "ஒண்ணுமில்ல சார்" என்றே சொல்லிவிட்டார்கள். நான்கு வருஷம் வாயை அடைத்துவிட்டு மூன்று வாரத்தில் திறக்கச் சொன்னால் எப்படித் திறக்கும்? நாலாவது வாரம் ஒருவர், ஃபோல்டிங் கோணலாக வருவதற்குக் காரணம் தாளை வெட்டும்போதே மூலை சரியாக இல்லாததுதான் என்றார். பாய்க்கு முகம் சுருங்கியது. பார்த்தால் கட்டிங் மிஷினில் பின்பக்க அளவுச்சட்டம் லேசாகத் தளர்ந்திருந்தது. எவ்வளவு நாளாக என்று தெரியாது. அதுவரை கோணல் மடிப்புக்கு நான் திட்டியதெல்லாம் பைண்டிங்கை.

எழுதுவதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். பேசியதை எல்லாம் எழுதுவதில்லை. என்ன முடிவு, யார், எந்தக் கிழமைக்குள். மூன்றே கட்டம். அடுத்த திங்கட்கிழமை முதல் வேலை, போன வாரப் பக்கத்தை வாசிப்பது. என் பெயருக்கு நேரே இருப்பது முடியாமல் இருந்தால் அதையும் சத்தமாகத்தான் வாசிக்கிறார்கள்.

அந்த நோட்டு வந்தபோதுதான் "பாத்துடலாம்" என்ற வார்த்தையின் லட்சணம் தெரிந்தது. நம் ஊர் அலுவலகங்கள் ஓடுவதே இந்த ஒரு வார்த்தையில். முடியும் என்பதற்கும் பாத்துடலாம், முடியாது என்பதற்கும் பாத்துடலாம், காதில் விழவில்லை என்பதற்கும் அதேதான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்ற வசனத்தைச் சத்தியம் பண்ணக் கூடாது என்பதற்காக மட்டும்தான் மேற்கோள் காட்டி வந்தோம். தேதி கொடுப்பதற்கும் அது பொருந்தும். இப்போது மீட்டிங்கில் யாராவது பாத்துடலாம் என்றால் மற்றவர்கள் சிரித்துவிடுவார்கள். "வியாழக்கிழமை சாயங்காலம் முடியும்", இல்லாவிட்டால் "முடியாது, பேப்பர் வரல." முடியாது என்று ஒரு தொழிலாளி தைரியமாகச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முதலாளி முறைக்காமல் இருக்க வேண்டும். நான் இன்னும் சில சமயம் முறைக்கிறேன்.

ஓவர்டைம் சண்டைக்கு வருகிறேன். காலண்டர் சீசனில் யாருக்கு ஓவர்டைம், யாருக்கு இல்லை என்று வருஷா வருஷம் புகைச்சல். நான் மிஷின்காரர்களுக்கே கொடுக்கிறேன் என்று பைண்டிங்கில் முறுமுறுப்பு. நடபடிகள் ஆறாம் அதிகாரத்திலும் இதே சொல்தான் வரும். சபையில் கிரேக்க மொழி பேசியவர்கள், தங்கள் விதவைகள் அன்றாட உதவி வழங்குவதில் கவனிக்கப்படவில்லை என்று எபிரெயருக்கு விரோதமாய் "முறுமுறுத்தார்கள்." அப்போஸ்தலர்கள் அங்கே அன்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், பொறுப்பைக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். தெரிந்தெடுத்த ஏழு பெயரையும் வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்துக்கே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

நானும் அப்படியே செய்து பார்த்தேன். ஓவர்டைம் பட்டியல் போட மூன்று பேர், இரண்டு பேர் பைண்டிங்கிலிருந்து. ஆளை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். எவ்வளவு மணி நேரம் தேவை, எவ்வளவு பணம் என்பதை மட்டும் நான் சொன்னேன். பட்டியலோடு வந்தவர்கள் முதலில் வைத்த தீர்மானம் எனக்கு எதிரானது: ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டாம். குறிஞ்சிப்பாடி அக்காதான் பேசினார். "சார், ஞாயித்துக்கிழமை நீங்க குடும்பத்தோட கோயிலுக்குப் போயிடுறீங்க. நாங்க இங்க காலண்டருக்குத் தகடு அடிக்கிறோம். எங்க புள்ளைங்களும் அன்னிக்குத்தான் வீட்ல இருக்கு."

எனக்குப் பதில் வரவில்லை. "உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு" என்று உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளையிலேயே இருக்கிறது. நான் ஓய்வுநாளை ஆசரித்திருக்கிறேன், அவர்கள் முதுகின்மேல். அந்த வருஷம் மூன்று பார்ட்டிகளுக்கு முன்கூட்டியே போன் செய்து டெலிவரியை நான்கு நாள் தள்ளினேன். ஒருவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார், வேறு அச்சகம் பார்த்துக்கொண்டார். அந்த நஷ்டத்தை ஆண்டவர் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார் என்று சாட்சி சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

தோற்ற இடமும் உண்டு. ஆர்டர் பிடிக்க வெளியே போகிற ஆள் ஒருவர், பார்ட்டியிடம் அட்வான்ஸ் வாங்கிக் கணக்கில் காட்டாமல் இருந்தார். எனக்குத் தெரிந்தும் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நான் வைத்த பெயர் பொறுமை, மன்னிப்பு. நிஜப் பெயர் பயம். தனியாகப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு பேசு என்று அதே மத்தேயு 18 அடுத்த படியையும் சொல்கிறது. நான் முதல் படியிலேயே ஏறவில்லை. கடைசியில் தொகை பெரிதாகி, பேசியபோது பேச்சு முறிந்து, அவர் போய்விட்டார். முதல் மாதமே அவரை உட்கார வைத்து, "அண்ணே, இந்த ரசீது எங்கே?" என்று கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு வழி இருந்திருக்கும். கிறிஸ்தவர்கள் நடத்தும் இடங்களில் இந்த வியாதி அதிகம் என்பது என் எண்ணம். சிரித்த முகமாக இருப்பதையே அன்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

எல்லாச் சண்டையும் மீட்டிங்கில் தீரும் என்றும் நினைக்காதீர்கள். அவ்வளவு அழகாக முடிந்த எருசலேம் கூட்டத்துக்குப் பிறகு, அதே அதிகாரத்தின் கடைசியில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் சண்டை வந்து ஆளுக்கொரு பக்கம் பிரிகிறார்கள். எங்களிடம் இரண்டு மிஷின்மேன்கள் ஒரே மிஷினில் நின்றால் மை எடுப்பதில் ஆரம்பித்துக் குடும்பம் வரை போய்விடும். மூன்று தடவை உட்கார வைத்துப் பேசினேன். இப்போது ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மதியம். மிஷின் நன்றாக ஓடுகிறது.

மீட்டிங்கை நடத்துவதும் இப்போது நான் இல்லை. மாதத்துக்கு ஒருவர். நோட்டும் கடிகாரமும் அவர் கையில். பேச வேண்டியதை வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நானும்தான். இந்த மாதம் டிடிபி பெண். இரண்டாம் கை பைண்டிங் மிஷின் ஒன்று புதுச்சேரியில் விலைக்கு வருகிறது. அதைப் பற்றிப் பேச நானும் ஒரு தாளில் கணக்கெல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், வெள்ளிக்கிழமை கொடுக்க மறந்துவிட்டேன். போன திங்கட்கிழமை கடைசியாக என் முறை வந்தபோது தாளைப் பிரித்து ஆரம்பித்தேன். விலை, வட்டி, வைக்க இடம் என்று இரண்டு விஷயம் சொல்லியிருப்பேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், ஒன்பது இருபது ஆயிடுச்சு. இது லிஸ்ட்லயும் இல்ல. அடுத்த வாரத்துக்கு எழுதிக்கட்டுமா?"

மூத்த மிஷின்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்து மிஷினைப் போட்டுவிட்டார். நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.